படத்துக்கு முந்தைய பத்து விநாடிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் சிறுவயது வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். படத்துக்கு முன்னால் வரும் நிறுவன லோகோக்களைப் பார்த்தால் அன்றைய அச்சம் இன்றும் அடிவயிற்றில் எழுகிறது. ஆனால், அதே லோகோவை யாரோ துல்லியமாக மறுபடி வரைந்திருந்ததைப் பார்த்தபோது எதுவுமே தோன்றவில்லை. இது வெறும் பால்ய நினைவுதானா? இந்தத் தொடக்கப் பகுதிகளை வெட்டிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

வெட்ட வேண்டாம். நினைவு மட்டுமே காரணம் என்றால் அந்தத் துல்லியமான பிரதியும் உங்களைக் கலக்கியிருக்க வேண்டும். அன்று நீங்கள் பார்த்த லோகோவில் ஒரு பாதியைத்தான் கலைஞர் வரைந்தார். மறுபாதியை வரைந்தது நாடா.

அச்சம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1965இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் என்னும் அமெரிக்கத் தயாரிப்பு நிறுவனத்தின் தொலைக்காட்சி லோகோவுக்கு இசையமைப்பாளர் எரிக் சிடே சில விநாடி மின்னிசை அமைத்தார். அதைக் கேட்டு அஞ்சிய குழந்தைகளைப் பற்றி 2010இல் ஓர் ஆவணக் குறும்படமே வந்தது. 1970களில் பறந்து வந்த எழுத்துகள் பல, அமெரிக்காவின் டென்வரில் லீ ஹாரிசன் உருவாக்கிய ஸ்கேனிமேட் போன்ற அனலாக் கருவிகளில் பிறந்தவை. எழுத்தை ஒரு திரைக்கு அனுப்பி, அதை அங்கே வரையும் எலக்ட்ரான் கற்றையையே மின்னழுத்தத்தால் வளைப்பார்கள். குமிழைத் திருகத் திருக எழுத்து நீண்டும் சுழன்றும் அலையாக நெளிந்தும் மாறுவதை இன்னொரு கேமரா படம்பிடிக்கும். கையால் சட்டகம் சட்டகமாக வரைபவர் தம்மையறியாமல் உருவத்துக்கு ஓர் எடையைக் கொடுத்துவிடுவார். இந்த அசைவில் எடையே இல்லை. பின்னணியைத் தனியாகச் சேர்க்காவிட்டால் சுற்றிலும் இருள் மட்டுமே.

இனி நாடாவின் பாதி. வீட்டு வீடியோ கேசட்டுகளின் வழக்கமான வடிவமான வி.எச்.எஸ். நாடாவில் கிடைமட்டத் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகள்தான். வண்ணத்துக்கு அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே கருப்பின் மேல் ஒளிரும் சிவப்பு எழுத்து தன் விளிம்பைத் தாண்டிக் கசிகிறது. இதைவிட முக்கியமானது லோகோ இருக்கும் இடம். தொடக்கத்துக்கே திருப்பிச் சுற்றிவைத்த கேசட்டைச் செருகும் ஒவ்வொரு முறையும் கருவி நாடாவின் தொடக்கப் பகுதியைத்தான் வெளியே இழுத்து, படத்தைப் படிக்கும் உருளையின் மேல் சுற்றுகிறது. வாடகைக்குப் போய்வந்த கேசட்டில் அந்தப் பகுதி மடங்கியும் நீண்டும் போயிருக்கும். சாதாரண ஒலித்தடம் நாடாவின் ஓரத்தில் ஓடுவதால், ஓரம் கசங்கினால் இசை தள்ளாடும். ஒரு மணி நேரம் கழித்து வரும் காட்சி பழுதின்றி இருக்க, லோகோ மட்டும் நோயாளியைப் போல் நடுங்குவது இதனால்தான். நகலெடுத்த நாடா என்றால் இன்னொன்றும் சேரும்: 1980களின் நடுவில் வந்த மேக்ரோவிஷன் என்னும் நகல்தடுப்பு முறை பதிவுக் கருவியின் ஒளியளவுக் கட்டுப்பாட்டை ஏமாற்றுவதால், படம் மங்கியும் பிரகாசித்தும் மூச்சுவிடுவது போலத் தோன்றும். மறுவரைவு செய்பவர்கள் குறை என்று துடைத்தெறிவது இவை அனைத்தையும்தான். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் தருவது நிறுவனத்தின் லோகோவை, நீங்கள் பார்த்ததை அல்ல.

பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். லோகோவுக்கு முந்தைய வெற்றுக் கருப்பிலிருந்தே பதிவைத் தொடங்குங்கள். அந்த மௌனத்துக்குப் பின் இசை திடுமென வெடிப்பதில்தான் பாதி அச்சம் இருக்கிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்த நினைத்தால், திருத்தாத பிரதியை முதலில் தனியே சேமித்துவிடுங்கள். வி.சி.ஆர். எனப்படும் வீடியோ கேசட் கருவியைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது என்பதால், உங்கள் கருவி ஓடும்போதே இதை முடித்துவிடுவது நல்லது.