வாசகர் கேள்வி: பழைய கூடைப்பந்து வீடியோ கேசட்டுகள்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து என் மாமா கொண்டுவந்த கூடைப்பந்து வீடியோ கேசட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்கள் பிளேயரில் படம் வண்ணமின்றி உருள்கிறது. கேசட் கெட்டுவிட்டதா? – வாசகர், குடியாத்தம்.

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அமெரிக்க கேசட்டுகள் என்.டி.எஸ்.சி. (NTSC) என்ற வண்ண ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 525 வரிகளோடும், நம் ஊர்க் கருவிகள் பால் (PAL) என்ற முறையில் 625 வரிகளோடும் இயங்குவதால், இரு முறைகளையும் ஏற்கும் பிளேயரும் டிவியும் கிடைத்தால் வண்ணம் வந்துவிடும். ஆனால், ஓட்டுவதற்கு முன் கேசட்டின் மூடியைத் தூக்கி நாடாவின் விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை, பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட் வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவிவிடும். வேலூர் வட்டார வெயிலுக்கு, கேசட்டுகளை வைக்க மொட்டைமாடி அறை ஆகவே ஆகாது. சிகாகோ புல்ஸ் 87-86 என யூட்டா ஜாஸை வென்ற 1998 என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் உங்களிடம் இருந்தால், அதை முதலில் கணினியில் பதிவுசெய்துகொள்ளுங்கள்.