நிழல் யாருடைய பட்டாவில் நிற்கிறது?

வீடு, மனை கேள்வி பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கடைக்கு மேலேயே நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறோம். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. விடியற்காலையில் லாரியில் மூட்டை இறக்கும் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கமில்லை. ஃபேர்லேண்ட்ஸில், சாரதா கல்லூரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எட்டு சென்ட்டில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. தெரு முழுக்க மரம், பார்த்ததும் பிடித்துவிட்டது. விலைதான் மலைக்க வைக்கிறது. அந்தக் காசில் புது அபார்ட்மெண்ட் வாங்கிக்கொண்டு மீதியை பேங்கில் போடலாம் என்கிறான் தம்பி. எது சரி? (வாசகர், சேலம்)

பதில்: தெரு முழுக்க மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நீங்கள் வாங்கப்போகும் எட்டு சென்ட்டுக்குள் நிற்பது எத்தனை, அடுத்தவர் காம்பவுண்டுக்குள் நிற்பது எத்தனை என்று எண்ணினீர்களா? இன்னொரு முறை போய் எண்ணிவிட்டு வாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் பட்டது அது. அஸ்தம்பட்டி பக்கம் நாங்கள் வீடு வாங்கியபோது என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு மாமரம் இருந்தது. மல்கோவா. மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் அந்த இலைகளுக்குள் புகுந்து, வடிகட்டின மாதிரி பச்சையாக என் அடுப்பு மேடையில் விழும். அந்த வெளிச்சத்துக்காகத்தான் கூடுதலாகச் சில லட்சம் கொடுத்தோம் என்று இப்போது தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பிறகு வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் வந்து விற்றுவிட்டுப் போனார்கள், அதில் அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை வாள் சத்தம் கேட்டு எழுந்தேன், மத்தியானத்துக்குள் மரம் துண்டு துண்டாக டிராக்டரில் ஏறிவிட்டது. இப்போது அங்கே நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. என் ஜன்னலில் அவர்கள் வீட்டு ஏசி மெஷினின் வெக்கை அடிக்கிறது.

பச்சையான தெருவில் வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டியது இதுதான். நிழலுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம், ஆனால் அந்த நிழலில் பாதி அடுத்தவர் பட்டாவில் நிற்கிறது. அதனால் வீட்டை மட்டும் பார்க்காமல் இரண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் வீடு யாருடையது என்று விசாரியுங்கள். வயதானவர்கள் மட்டும் தனியாக இருக்கிறார்களா, பிள்ளைகள் ஊருக்குத் திரும்புகிற எண்ணம் உண்டா, வீடு பூட்டிக் கிடக்கிறதா? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் பத்து நிமிஷம் பேசினால் போதும், புரோக்கர் சொல்லாததையெல்லாம் சொல்லிவிடுவார். அந்தத் தெருவில் ஏற்கெனவே இரண்டு மூன்று அபார்ட்மெண்ட் எழும்பியிருந்தால், போர் தண்ணீர் எத்தனை அடிக்குப் போயிருக்கிறது, சாக்கடை எங்கே தேங்குகிறது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் மனைக்குள்ளேயே நல்ல மரம் இரண்டு இருந்தால் என் ஓட்டு பழைய வீட்டுக்குத்தான். எட்டு சென்ட் என்றால் ஏறக்குறைய 3,485 சதுர அடி மண், அது முழுக்க உங்கள் பெயரில் வரும். அபார்ட்மெண்ட்டில் உங்களுக்கு வருவது, எல்லோருக்கும் பொதுவான மனையில் பிரிபடாத பங்காகச் சில நூறு சதுர அடி. மரம் வைக்க வேண்டும் என்றாலும் சங்கத்தைக் கேட்க வேண்டும். அப்பாவுக்காக மட்டும் என்றால் லிஃப்ட் இருக்கிற ஃப்ளாட் வசதிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு வேண்டியது காற்று என்கிறீர்கள். காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வடக்கே சேர்வராயன் மலை தெரிகிற வீடு என்றால், அதைவிட என்ன வேண்டும்?

பழைய வீட்டில் இரண்டு தொல்லை உண்டு. முதலாவது கட்டடம். மொட்டை மாடித் தட்டோடு விரிசல் விட்டிருக்கும், மரத்து வேர் காம்பவுண்டைத் தூக்கியிருக்கும். மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள், உத்தரத்து ஓரத்தில் ஈரக்கறை இருக்கிறதா என்று சுவரைத் தொட்டே பாருங்கள். புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பத்திரம். இந்த மாதிரி வீடுகள் பெரும்பாலும் தாத்தா வாங்கி, அப்பா அனுபவித்து, பேரன்கள் விற்பவை. வீட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. "அக்காவுக்குச் சீர் செய்தாச்சு, அவங்க எதுவும் கேக்க மாட்டாங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிற்பாடு கோர்ட் படி ஏறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அக்கா வந்து கையெழுத்துப் போடட்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைக் காட்டட்டும். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, மாநகராட்சிப் பகுதி என்பதால் டவுன் சர்வே பதிவேட்டு நகல், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலு எல்லை அளவையும் ஒப்பிடுங்கள். பழைய பத்திரத்தில் "பொதுக் கிணற்றில் பாத்தியம்" என்று ஒரு வரி இருந்து, அந்தக் கிணறு இப்போது யார் காம்பவுண்டுக்குள் போய்விட்டது என்றே தெரியாத நிலைமையும் உண்டு.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9% தனியாக எடுத்து வையுங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1% வரியாகப் பிடித்து அவர் பெயரில் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள்தான்.

இன்னொன்று, இது அம்மாவுக்காக. செவ்வாய்ப்பேட்டையில் கீழே இறங்கினால் மளிகை, பூ, கோயில், பேச ஆள். நீங்கள் போகப்போகும் தெருவில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஈ காக்கை இருக்காது. அமைதிதான், ஆனால் நாற்பது வருஷம் சந்தடியில் இருந்தவருக்கு அந்த அமைதி பழக நாள் ஆகும். முடிந்தால் அதே பகுதியில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகைக் காசு வீண் என்று தம்பி சொல்வான், கேட்காதீர்கள்.

கேள்வி: நான் பார்த்திருக்கும் வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். அவருடைய மச்சான் பவர் வைத்து எழுதிக்கொடுப்பதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகி, அழகாபுரம்)

பதில்: வாங்கலாம், அவசரப்படாமல். வெளிநாட்டில் எழுதின பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் பதிவுக்குக் கேட்பார்கள். சொல்லப்போனால் நீங்களே அவரிடம் வீடியோ காலில் ஒருமுறை பேசி, விலையையும் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 1% கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய வரி அதைவிட மிக அதிகம், பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை கேட்பது உங்களைத்தான். ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கைமாற்றாதீர்கள்.

கேள்வி: கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக்குப் பக்கத்தில் மனை. காலையில் பறவைச் சத்தம், ஏரிக் காற்று. பயமில்லாமல் வாங்கலாமா? (வாசகர், ஓமலூர்)

பதில்: அந்த ஏரிமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 2010 வாக்கில் ஊர்க்காரர்களே இறங்கித் தூர்வாரி, நடுவில் மண் திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள், இன்று அந்தத் திட்டுகளில்தான் பறவைகள் அடைகின்றன. ஆனால் மலையில் கொட்டுகிற மழை இறங்கி வந்து நிற்கிற இடம் அது. நிறைந்தால் வழிந்து போக வழி வேண்டும் அல்லவா, அந்த வழியில் உங்கள் மனை இருக்கக் கூடாது. சர்வே வரைபடமான புலப்படத்தில் ஓடை, வாய்க்கால் கோடு எதுவும் மனையைத் தொடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை நேரில் போய், அக்கம்பக்கத்துச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கோடு தெரிந்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் பத்து சென்ட், சில்வர் ஓக் நிழலில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று விளம்பரம் பார்த்தேன். ரிட்டயர்டு ஆனதும் அங்கேயே இருந்துவிட ஆசை. (வாசகர், ஆத்தூர்)

பதில்: ஆசை நியாயமானது. ஆனால் காபித் தோட்டம் வேறு, வீட்டு மனை வேறு. ஏற்காடு மலைக் கிராமங்கள் ஹாக்கா என்கிற மலைப் பகுதிப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் வருகின்றன. சமவெளியில் வாங்குகிற அனுமதியோடு அதையும் பார்க்க வேண்டும். அனுமதி இல்லாமல் பிரித்த மனைப் பிரிவில் 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு புதிதாக மனை பதிய முடியாது. அதனால்தான் சிலர் மனை என்று சொல்லாமல் "தோட்டத்தில் பங்கு" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பங்கு வாங்கினால் காபிப் பழம் பறிக்கலாம், வீடு கட்ட அனுமதி வரும் என்று எண்ணாதீர்கள். மலைவாழ் மக்களுக்கு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா நிலமா என்பதையும் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், அது அவர்கள் நிலம், வாங்கக் கூடாது.

உங்கள் வயதையும் யோசியுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. வாசல் வரை காட்டெருமை வருவதும் அங்கே சகஜம். மலையடிவாரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு மே மாதம் மேலே வாடகைக்குப் போய் இருப்பதையே நான் சொல்வேன்.

கேள்வி: பக்கத்து வீட்டு வேப்பமரம் எங்கள் பக்கம் சாய்ந்து தினமும் குப்பை. வெட்டச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். (வாசகி, சுவர்ணபுரி)

பதில்: உங்கள் எல்லைக்குள் நீண்ட கிளையைக் கழிக்க உங்களுக்கு உரிமை உண்டு, மரத்தை வெட்டச் சொல்ல இல்லை. சகோதரி, "வெட்டுங்கள்" என்ற வார்த்தையையே விட்டுவிட்டு, "கிளை கழிக்க ஆள் கூப்பிடுகிறேன், கூலியில் பாதி நான் தருகிறேன்" என்று போய்க் கேளுங்கள். காற்றுக்குக் கிளை முறிகிற ஆடி மாதத்துக்கு முன்னால் செய்துவிடுங்கள். உதிர்கிற இலையை மூலையில் குழி எடுத்துப் போட்டு வைத்தால் அடுத்த வருஷம் உங்கள் மல்லிகைச் செடிக்கு எரு. பூ பூத்ததும் ஒரு முழம் கட்டி அந்த வீட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.