கூத்துக்குக் கொடுக்கும் காசு

அன்புள்ள ஐயா,

கலை பண்பாட்டுக்கான மாநில அரசின் நிதியில் கை வைக்கக் கூடாது என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் இன்னும் இரண்டு வகுப்புகள் மரத்தடியில் நடக்கின்றன. மக்கள் விரும்பும் கலை அவர்கள் தரும் காசிலேயே வாழ்ந்துகொள்ளும். விரும்பாததை வரிப்பணத்தில் ஏன் காப்பாற்ற வேண்டும்?

ஒரு வாசகர், ஓமலூர் வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மரத்தடி வகுப்பைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மாநில வரவு செலவில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாத ஒரு துறையை முழுதாக மூடினாலும் அந்த வகுப்பறை எழும்பிவிடாது.

மக்கள் தரும் காசு என்கிறீர்கள். உங்கள் பக்கத்து மாரியம்மன் பண்டிகையில் அந்தக் காசு எப்படிச் சேர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். கூத்தை விடிய விடியப் பார்ப்பவரும், வீட்டில் போர்த்திக்கொண்டு உறங்குபவரும் அதே தொகையைக் கொடுக்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் பார்த்த கலையல்ல கூத்து. நீங்கள் எதிர்க்கும் வரிப்பணத்தில்தான், ஊர் அளவில், அது இத்தனை காலமும் நடந்து வந்திருக்கிறது.

அந்த வரி ஆட்டம் நடக்கும் இரவுக்கு மட்டுமே போதும். ஜலகண்டாபுரம் பக்கத்தில் ஒரு கூத்து வாத்தியார் வீட்டுத் திண்ணையில் துரியோதனன் கிரீடத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியது. உள்பக்கம் பூச்சி அரித்து மாவாகக் கொட்டியது. உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகளைப் பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். புதிதாகச் செய்ய எந்த ஊர் வரி போடும்? மழைக்காலத்தில் ஆட்டம் இல்லாத மாதங்களுக்கும், குரல் போன பிறகான வயதுக்கும், அடவு கற்க வரும் பையனின் சாப்பாட்டுக்கும் எந்த ஊரும் வரி போடுவதில்லை. அரசு நிதிக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. கூத்தில் முகவீணை என்ற குழல் வாசித்த ஒரு பெரியவருக்காக நானே ஒருமுறை மனு எழுதினேன். நிகழ்ச்சி நடத்தியதற்கு அச்சிட்ட அழைப்பிதழ் இல்லை என்று ஓர் அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். கருமாதி வீட்டில் கர்ண மோட்சக் கூத்து ஆடுவதற்கு யார் அழைப்பிதழ் அச்சடிக்கிறார்கள்? ஆகவே இந்தத் துறையின் செலவுமுறையில் எனக்கும் மனக்குறை உண்டு. விழா மேடை விளக்குகளுக்குப் பணம் எளிதில் கிடைப்பதும், இதுபோன்ற மனுக்கள் தேங்குவதும் உண்மைதான். அதற்குத் திருத்தம் கேட்கலாம், வெட்டு கேட்கக் கூடாது.

நிதியில் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்வது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதைத்தான். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, உங்கள் வீட்டு வரியோடு சேர்ந்து நூலக வரியும் வசூலாகிறது. அது நூலகத்துக்கே சேர வேண்டிய பணம், ஓர் ஆட்சி மாறியதால் மறைந்துவிடுவதில்லை. உள்ளாட்சிகள் அதை நூலகத் துறைக்குக் கொடுக்காமல் நிலுவை வைத்ததும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிலுவை என்று சொல்லிக் கேட்பதற்காவது அங்கே ஓர் உரிமை இருக்கிறது. கூத்துக்காரருக்கு அப்படிக் கேட்க எதுவும் இல்லை. ஆண்டுதோறும் ஒதுக்கினால்தான் உண்டு. ஒதுக்கியதும் ஆண்டு நடுவில் சத்தமில்லாமல் குறைந்துவிடலாம். அதை, அடுத்த நிதிநிலை அறிக்கையோடு வரும் திருத்திய மதிப்பீட்டைப் புரட்டிப் பார்ப்பவர் மட்டுமே அறிவார்.

நாடகக் கொட்டகையும் நாடகமும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனவே தில்லியைக் கைகாட்டித் தப்பிக்க வழியில்லை. ஆனால் 203ஆம் பிரிவின்படி, துறையின் செலவுக்குப் பணம் கேட்டு அரசு வைக்கும் மானியக் கோரிக்கை பேரவைக்கு வந்த பிறகு உறுப்பினர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. அதனால் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுவதானால், கோரிக்கை பேரவைக்கு வரும் முன்பே, மார்கழிக்குள் எழுதிவிடுங்கள். பள்ளிக் கட்டடத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள். அடியில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.