குமிழ் வோல்ட்டில், லீட் ஆம்பியரில்: மல்டிமீட்டர் வெடித்தது ஏன்?

கேள்வி: பைக் பேட்டரியில் கரண்ட் கசிகிறதா என்று டிஜிட்டல் மல்டிமீட்டரில் பார்த்தேன். பிறகு குமிழை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, வீட்டு பிளக் பாயிண்டில் 230 வோல்ட் வருகிறதா என்று சோதித்தேன். டப் என்ற சத்தத்துடன் பொறி பறந்தது, எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது, சிவப்பு லீட்டின் முனை உருகிவிட்டது. இப்போது மீட்டர் வோல்டேஜைச் சரியாகக் காட்டுகிறது. கரண்ட் மட்டும் எப்போதும் பூஜ்யம். குமிழைச் சரியாகத்தானே வைத்தேன்? இந்த மீட்டரை இனி நம்பலாமா? வீட்டு மின்சாரத்தைப் பயமின்றி அளப்பது எப்படி?

பதில்: குமிழ் சரியாகத்தான் இருந்தது. சிவப்பு லீட் இருந்த துளைதான் தவறு. பேட்டரிக் கசிவைப் பார்க்க அதை 10 ஆம்பியர் ஜாக்கில் செருகியிருப்பீர்கள். பிறகு குமிழை மட்டும் மாற்றி, லீட்டை அங்கேயே விட்டிருப்பீர்கள். மல்டிமீட்டரால் வரும் விபத்துகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

பெரும்பாலான மீட்டர்களில் 10 ஆம்பியர் ஜாக்கின் பாதை குமிழ் வழியாகச் செல்வதே இல்லை. அந்த ஜாக்கிலிருந்து ஒரு ஃபியூஸ், பிறகு ஷன்ட் எனப்படும் தடித்த கம்பித் துண்டு, அங்கிருந்து நேராக கறுப்பு லீட் செருகும் காம் ஜாக். ஷன்ட்டின் மின்தடை ஏறக்குறைய 0.01 ஓம்தான். குமிழ் எங்கே நின்றாலும், மீட்டரை அணைத்தே வைத்திருந்தாலும், இரண்டு லீட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு வெறும் கம்பி இருக்கிறது. பிளக் பாயிண்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் அந்தக் கம்பியால் இணைத்துவிட்டீர்கள். வீட்டு வயரிங், லீட், தொடும் முனை எல்லாம் சேர்ந்து அரை ஓம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், ஃபியூஸ் அறும்வரை ஓடியது 460 ஆம்பியர். முனை உருகியதில் வியப்பில்லை.

வோல்டேஜ் அளக்கும் பாதை வேறு. அது சுமார் 10 மெகா ஓம் மின்தடை வழியாகச் செல்கிறது. 230 வோல்ட்டிலும் அதில் ஓடுவது 23 மைக்ரோ ஆம்பியர்தான். அதனால்தான் அது பிழைத்துக்கொண்டது. கரண்ட் பூஜ்யமாக இருப்பது ஃபியூஸ் அறுந்ததன் அடையாளம். மீட்டரைத் திறக்காமலே இதை உறுதிசெய்யலாம்: லீட்டுகள் வேறெதிலும் தொடாதபடி எடுத்து, சிவப்பை வோல்ட்-ஓம் ஜாக்கில் செருகி, குமிழை ஓமுக்குத் திருப்பி, அந்தச் சிவப்பு முனையை 10 ஆம்பியர் ஜாக்கின் உள்ளே தொடுங்கள். பல மீட்டர்களில் ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். அறுந்திருந்தால் அளவு கடந்ததற்கான குறி வரும். மில்லி ஆம்பியர் ஜாக்குக்குத் தனி ஃபியூஸ் இருந்தால் அதையும் இப்படியே பார்க்கலாம், ஆனால் அங்கே மின்தடை சற்று அதிகமாகத் தெரியும்.

இனி ஃபியூஸ் மாற்றுவது. பலர் இரண்டாவது விபத்துக்கு வழி செய்துவைப்பது இந்த இடத்தில்தான். மீட்டரின் பின்புறத்திலோ ஜாக்கின் அருகிலோ ஃபியூஸின் ஆம்பியரும் வோல்ட்டும் அச்சாகியிருக்கும். நல்ல மீட்டர்களில் 10 அல்லது 11 ஆம்பியர், 600 அல்லது 1000 வோல்ட் என்று இருக்கும். உள்ளே மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் அது. கம்பி உருகும்போது நடுவில் எழும் மின்வில்லை மணல் அணைக்கிறது. அதே அளவில் கிடைக்கிறதே என்று 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸைப் போட்டால், 10 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் பாதுகாப்பாக அறுக்கக்கூடிய உச்ச கரண்ட் பொதுவாக 100 ஆம்பியர்தான். மேலே சொன்ன 460 ஆம்பியரில் அது அறுவதற்குப் பதில் வெடிக்கும், அல்லது மின்வில் உள்ளேயே தொடர்ந்து எரியும். ஃபியூஸ் இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஃபியூஸ் மாற்றத் திறக்கும்போது லீட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கருகல், உருகிய செப்புத் தடம், விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மீட்டர் குப்பைக்குப் போகட்டும். 10 ஆம்பியர் ஜாக்கின் அருகில் ஃபியூஸ் இல்லை என்று அச்சிட்ட மலிவு மீட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம்: அறுந்தது உள்ளிருக்கும் தடமோ ஷன்ட்டோதான். அதை ஈயம் வைத்து ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். உருகிய லீட்டையும் ஜோடியாகவே மாற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் ஆம்பியர், வோல்ட் எண்களைவிட முக்கியமான குறி ஒன்று உண்டு. ஜாக்குகளின் அருகில் கேட் 2, கேட் 3, கேட் 4 என்று ரோமன் எண்ணில் அச்சிட்டிருப்பார்கள். ஐஇசி 61010 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரப்படி, அளக்கும் இடத்துக்குப் பின்னால் எவ்வளவு ஆற்றல் காத்திருக்கிறது என்பதைச் சொல்லும் வகைப்பாடு இது. பிளக் பாயிண்டில் செருகும் கருவிகளுக்குக் கேட் 2. வீட்டு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி போர்டு, நிலையான வயரிங்குக்குக் கேட் 3. மின்கணக்கு மீட்டர், வெளியிலிருந்து வரும் கேபிள் போன்ற இடங்களுக்குக் கேட் 4. கேட் 2 1000 வோல்ட் மீட்டரையும் கேட் 3 600 வோல்ட் மீட்டரையும் பக்கத்தில் வைத்தால் முதலாவதே வலுவானது என்று தோன்றும். அப்படியில்லை. இரண்டையும் சோதிப்பது ஒரு கணம் மட்டும் எழும் 6000 வோல்ட் மின் அதிர்வால்தான். ஆனால் கேட் 2க்கு அந்த அதிர்வு 12 ஓம் வழியாக வருகிறது, கேட் 3க்கு 2 ஓம் வழியாக. 500 ஆம்பியருக்கும் 3000 ஆம்பியருக்கும் உள்ள வித்தியாசம் அது. மின்னல், பெரிய மோட்டார் அணைவது போன்றவை வயரிங்கில் இத்தகைய அதிர்வுகளை உண்டாக்கும். அந்தக் கணத்தில் உங்கள் கையில் மீட்டர் இருக்கக்கூடும். வீட்டு டிபி போர்டுக்குக் கேட் 3 600 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். லீட்டுக்கும் அதே குறி வேண்டும். மீட்டர், லீட் இரண்டில் எது தாழ்ந்ததோ அதுதான் மொத்தத்தின் தரம். மலிவு மீட்டரில் கேட் 4 என்று அச்சிட்டு உள்ளே சிறிய கண்ணாடி ஃபியூஸ் இருந்தால் அச்சை நம்பாதீர்கள், ஃபியூஸை நம்புங்கள்.

அளக்கும் முன் லீட்டின் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வெட்டு, உருகல், உள்ளிருக்கும் வேறு நிறக் காப்பு வெளியே தெரிவது, இதில் எது இருந்தாலும் மாற்றுங்கள். ஓம் நிலையில் இரண்டு முனைகளையும் சேர்த்தால் 0.1 முதல் 0.5 ஓம் வரை வரும். வயரை முனையருகிலும் ஜாக் அருகிலும் வளைக்கும்போது எண் தாவினால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. டிபி போர்டில் வேலை என்றால் முனையில் 4 மில்லிமீட்டருக்கு மேல் உலோகம் தெரியாதபடி உறையை மாட்டுங்கள். நீண்ட வெறும் முனை வழுக்கி இரண்டு முனையங்களை ஒன்றாகத் தொட்டால் மீட்டருக்குச் சம்பந்தமே இல்லாமல் மின்வில் எழும்.

பிளக் பாயிண்டை அளக்கும் ஒழுங்கு இது. முதலில் கண் ஜாக்குக்குப் போகட்டும், பிறகு குமிழுக்கு: கறுப்பு காமில், சிவப்பு வோல்ட்-ஓமில், குமிழ் ஏசி வோல்ட்டில். தானாக அளவு மாற்றாத மீட்டரில் 600 அல்லது 750 என்ற மிக உயர்ந்த அளவிலிருந்து தொடங்குங்கள். விரல்கள் பிடியின் விளிம்புக்குப் பின்னாலேயே இருக்கட்டும். கறுப்பை முதலில் நியூட்ரலில் வையுங்கள், பிறகு சிவப்பை ஃபேஸில். எடுக்கும்போது சிவப்பு முதலில். கறுப்பு முன்பே ஃபேஸில் இருந்தால் சிவப்பின் வெறும் முனையும் உயிரோடு இருக்கும் என்பதே இந்த வரிசையின் காரணம். முடிந்த இடத்தில் கறுப்பு லீட்டில் முதலைக் கிளிப் மாட்டிப் பொருத்திவிட்டு, ஒரு கையாலேயே அளந்தால், மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகப் போகும் பாதையே இருக்காது.

ஃபேஸ்-நியூட்ரல் 230 அருகில், ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரல்-எர்த் சில வோல்ட் என்று வர வேண்டும். இந்த மூன்றும் சரியாக வந்துவிட்டால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. மீட்டர் இழுப்பது 23 மைக்ரோ ஆம்பியர் என்பதால், எர்த்தில் பல ஆயிரம் ஓம் இருந்தாலும் அதன் மேல் விழும் வோல்டேஜ் மிகச் சிறியது. திரையில் 230 குறையாமல் நிற்கும். பழுதான நேரத்தில் அந்த எர்த் வழியாக எம்சிபியை விழவைக்கும் அளவு கரண்ட் ஓடாது. எர்த்தைச் சோதிக்க, எர்த் பாதையின் மின்தடையையே அளக்கும் எர்த் டெஸ்டர் அல்லது லூப் டெஸ்டர் வேண்டும்.

அதே 10 மெகா ஓம் எதிர்ப்பக்கத்திலும் ஏமாற்றும். எங்கும் இணைக்காத வயர் ஒன்று உயிருள்ள வயரின் அருகில் ஓடினால், அதில் 40 முதல் 100 வோல்ட் வரைகூடக் காட்டலாம். அது பெரும்பாலும் பேய் வோல்டேஜ், அதாவது பக்கத்து வயரிலிருந்து தொற்றிய பொய் எண். குறைந்த மின்தடை நிலை உள்ள மீட்டரில் அந்த நிலைக்கு மாற்றினால் எண் பூஜ்யத்துக்கு விழும். அந்த வசதி இல்லையென்றால் உயிருள்ளதாகவே நடத்துங்கள்.

230 என்று காட்டினால் நீங்களே ஒதுங்குவீர்கள், ஆபத்து பூஜ்யத்தில்தான். குமிழ் ஏசிக்குப் பதில் டிசியில் நின்றால் உயிருள்ள பிளக் பாயிண்டிலும் திரை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஹோல்டு பொத்தான் அழுந்தியிருந்தால் பழைய எண் உறைந்து நிற்கும். லீட் உள்ளே அறுந்திருந்தாலும் பூஜ்யம். தானாக அளவு மாற்றும் மீட்டரில் 230 மில்லி வோல்ட்டும் 230 வோல்ட்டும் ஒரே எண்ணாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்தை வாசிக்காமல் எண்ணை மட்டும் வாசிக்காதீர்கள். திரையில் பேட்டரிச் சின்னம் தெரிந்தால் அளவுகளே பிசகும், உடனே மாற்றுங்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே காவல்: உயிருள்ளது என்று தெரிந்த ஓரிடத்தில் முதலில் அளங்கள், பிறகு சந்தேக இடத்தில், மீண்டும் அதே தெரிந்த இடத்தில். முதலிலும் கடைசியிலும் சரியான எண் வந்தால் மட்டுமே நடுவில் வந்த பூஜ்யத்தை நம்பி வயரைத் தொடலாம்.

ஓம், கண்டின்யூட்டி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது), டயோடு சோதனைகள் மூன்றும் மின்சாரம் இல்லாத சர்க்யூட்டில் மட்டும்தான். அந்த நிலைகளில் மீட்டரே ஒரு சிறு கரண்ட்டை அனுப்பி அளக்கிறது. வெளியிலிருந்து 230 வந்தால் தரமான மீட்டர் தாங்கும், மலிவு மீட்டர் எரியும். பிளக்கை உருவியது போதும் என்றும் நினைக்காதீர்கள். பவர் சப்ளையில் 400 வோல்ட் எழுதிய பெரிய கெபாசிட்டர் நிமிடக்கணக்கில் மின்னூட்டத்தை வைத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு கால்களையும் உரசினால் உலோகம் தெறிக்கும், கெபாசிட்டரும் கெடலாம். 2.2 கிலோ ஓம், 10 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டரைக் காப்பிட்ட பிடியுடன் 5 முதல் 10 விநாடி அதன் கால்களில் வைத்து, பிறகு டிசி வோல்ட்டில் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே தொடுங்கள். 470 மைக்ரோ ஃபாரட் வரை இந்த நேரம் தாராளம்.

கரண்ட் அளக்கும்போது மீட்டர் எப்போதும் சர்க்யூட்டின் நடுவே தொடராக நிற்க வேண்டும். பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்தால் 12 வோல்ட்டானாலும் அது ஷார்ட்டுதான். ஈய அமில பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். பைக்கில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வைத்து, முதலில் 10 ஆம்பியர் ஜாக்கிலேயே பாருங்கள். மிகக் குறைவாக இருந்தால் மட்டும் மில்லி ஆம்பியருக்கு இறங்குங்கள். அளந்துகொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட்டரை அழுத்தவோ கூடாது. பல மீட்டர்களில் 10 ஆம்பியருக்குப் பக்கத்தில் உச்சபட்சம் 10 விநாடி, பிறகு 15 நிமிட இடைவெளி என்ற வரம்பும் அச்சாகியிருக்கும்; ஷன்ட் சூடாவதால் வந்த வரம்பு அது. அளவு முடிந்ததும் எண்ணைக் குறித்துக்கொள்ளும் முன்பே சிவப்பு லீட்டை வோல்ட்-ஓம் ஜாக்குக்கு மாற்றிவிடுங்கள். வீட்டு 230 வோல்ட் கருவிகளின் கரண்ட்டை இந்த முறையில் அளக்கவே வேண்டாம். ஒரு வயரை மட்டும் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது, சர்க்யூட்டை உடைக்கத் தேவையில்லை.

மைக்ரோவேவ் அவனின் உயர் அழுத்தப் பகுதியில் சில ஆயிரம் வோல்ட், பழைய பிக்சர் டியூப் டிவியின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கும் மேல். எந்தக் கைமீட்டரின் லீட்டையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.