சினிமாவில் நடப்பது போல நிஜத்திலும் நடக்கக் கூடாதா என்று நீங்கள் ஏங்கியது எதற்காக?

கேட்டவர் கல்லூரியில் படிக்கிற வயதாக இருப்பார், மனதில் ஏதோ காதல் காட்சி ஓடுகிறது என்று நினைக்கிறேன். எனக்கு அந்த ஆசையெல்லாம் போய் நாளாகிவிட்டது. நான் ஏங்குவது எடிட்டிங்குக்கு.

1992இல் வந்த 'அண்ணாமலை'யில் பால்காரர் பெரிய பணக்காரர் ஆவதற்கு ஒரு பாட்டு போதும். அதை வைத்து எல்லோரும் கிண்டல் செய்கிறோம். எனக்குப் பொறாமைதான் வருகிறது. அவருடைய பணத்தைப் பார்த்து இல்லைங்க. நடுவில் காத்துக் கிடந்த நாளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டார்களே, அதைப் பார்த்து.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு. முக்கால்வாசி பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. பெரும்பாலும் கூழ் பேக்டரிக்குத்தான் போகும். ஒட்டுக்கன்று வைத்தால் நாலைந்து வருடத்துக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி வருமானம் இருக்காது. அப்புறமும் ஒரு வருடம் காய்த்துக் கொட்டினால் மறுவருடம் கையை விரிக்கும். தை மாதம் பூவெடுக்கும்போது தத்துப்பூச்சி விழுந்துவிடுமோ என்று தினமும் அண்ணாந்து பார்க்க வேண்டும். சினிமாவில் இதற்கு அரை சரணம் ஒதுக்குவார்களா?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேக்டரி வாசலில் நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சீசன் உச்சத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு டிராக்டரும் டெம்போவும் ரோட்டோரம் வரிசை கட்டி நிற்கும். ஆந்திராவில் இருக்கிற குப்பம் பக்கத்திலிருந்து வந்த டிரைவர்கள் லாரிக்கு அடியில் துண்டை விரித்துத் தெலுங்கில் பேசிக்கொண்டே சீட்டு ஆடுவார்கள். போன சீசனில் எங்கள் வண்டியும் அந்த வரிசையில் நின்றது. மறுநாள் வெயில் ஏற ஏற அடியில் இருந்த காய் நசுங்கிச் சாறு டயர் மேல் ஒழுக ஆரம்பித்தது, ஈ மொய்க்கிறது. என் சட்டையில் மாம்பால் பட்ட இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் திட்டு.

பொறுக்க முடியாமல் உள்ளே போய் மேனேஜரிடம் கேட்டேன். வரிசையில் நிற்கும்போதே மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வசனம், நன்றாகவே வந்தது. "உங்க கூழ் டப்பாவில இருக்கிறது எங்க வேர்வை சார்" என்கிற அளவுக்குப் போனேன். படமாக இருந்தால் பின்னணி இசை எழும்பியிருக்கும், எடைமேடைக்காரர் கண்ணைத் துடைத்திருப்பார். மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தார்ப்பாயை எடுத்து வைங்கண்ணா, கழிவு எவ்வளவுன்னு பார்த்துச் சொல்றோம்." அவ்வளவுதான் காட்சி.

உடனே "சினிமா பார்த்துக் கெட்டுப்போனவன்" என்று கமெண்ட் போட யாராவது வருவீர்கள். நான் தியேட்டர் பக்கம் போவதே அபூர்வம். "மாவை விட்டுவிட்டு வேறு பயிர் வையேன்" என்று போனமுறை ஒருவர் அறிவுரை சொன்னார். என் தாத்தா வைத்த மரத்தை வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து காத்திருக்கச் சொல்கிறார். நல்லது சார்.

சரி, காதல் காட்சிக்கே வருவோம். ரயில் கிளம்புகிறது, ஹீரோ பிளாட்பாரத்தில் ஓடுகிறான். கிருஷ்ணகிரியில் அதற்கும் வழியில்லை. 2004இல் தனி மாவட்டம் ஆக்கினார்கள், மாவட்டத் தலைநகரத்துக்கு இன்னும் ரயில் வரவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்ன ரயில் வந்து போய்க்கொண்டிருந்தது. சுதந்திரத்துக்கு முன்பே அதையும் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் ரயில் விடுகிறார்கள், வாயால். எங்கள் ஊர்ப் பையன் காதலியைத் தடுக்க வேண்டுமென்றால் ஓசூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ் டோல்கேட் வரிசையில் நிற்கும்.