ஆட்டுக்கறி சாப்பிட்ட இரவில் வயிற்றுவலி: உண்ணிக்கடி அலர்ஜி பற்றி கேள்வி பதில்

நான் மருத்துவர் இல்லை. வட கரோலினாவில் சில வருடங்களாக ஆல்பா-கேல் அலர்ஜியோடு (உண்ணி கடித்த பிறகு ஆடு, மாடு, பன்றிக் கறி ஒத்துக்கொள்ளாமல் போவது) வாழ்கிறேன், அதனால் இதைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

ராலேயிலிருந்து ஒருவர்: மட்டன் சாப்பிட்டால் நடுராத்திரி வயிற்றைப் பிசைகிறது, பேதியும் ஆகிறது. ஆனால் அரிப்போ தடிப்போ இல்லையே, இது அலர்ஜியாக இருக்குமா?

இருக்கலாம். வேர்க்கடலை, இறால் அலர்ஜியெல்லாம் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே காட்டிவிடும், இது 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் வரும், அதனால் எட்டு மணிக்குச் சாப்பிட்ட குழம்பையும் ஒரு மணிக்கு வந்த வலியையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. தோலில் ஒன்றுமே தெரியாமல் வயிறு மட்டும் படுத்துகிறவர்களும் உண்டு. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கமே 2023இல் இதைத் தன் மருத்துவர்களுக்கு எழுதிச் சொன்னது.

இத்தனை வருஷமாகச் சாப்பிட்ட கறி திடீரென்று எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?

உண்ணிக்கடிதான். இந்தப் பக்கம் லோன் ஸ்டார் உண்ணி, பெண் உண்ணியின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். ஆடு, மாடு, பன்றி உடம்பில் ஆல்பா-கேல் என்ற சர்க்கரை உண்டு, நமக்குக் கிடையாது. கடித்த பிறகு நம் உடம்பு அதை எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இது புரிந்ததே ஒரு புற்றுநோய் மருந்தால்தான். செடக்சிமாப் ஏற்றிய சிலருக்கு முதல் தடவையே கடுமையான ஒவ்வாமை வந்தது, அதுவும் டென்னசி, வட கரோலினா பக்கம் அதிகம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் பார்த்தபோது, அந்த மருந்திலும் இதே சர்க்கரை இருந்தது, மருந்து ஏறும் முன்பே அவர்கள் இரத்தத்தில் ஆல்பா-கேலுக்கு எதிரான ஐஜிஇ (அலர்ஜியைக் கிளப்பும் எதிர்ப்புப் புரதம்) இருந்தது. அது 2008இல் வெளியானது.

எண்டோஸ்கோபி நார்மல், ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) என்று சொல்லிவிட்டார்கள். என்ன டெஸ்ட் கேட்பது?

"ஆல்பா-கேல் ஐஜிஇ" இரத்தப் பரிசோதனை என்று பெயர் சொல்லியே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். 2023இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பில் 42 சதவீத மருத்துவப் பணியாளர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் பாசிட்டிவ் வந்தாலே நோய் என்றில்லை, தொந்தரவே இல்லாதவர்களுக்கும் வரும். கறியை நிறுத்தி வயிறு அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். போகும்போது சாப்பிட்ட நேரம், வலி வந்த நேரம், கொழுப்புக்கறியா, அதற்கு முன் உண்ணி கடித்ததா, இத்தனையும் எழுதி எடுத்துப் போங்கள்.

கோழி, மீன், தயிர்?

கோழி, மீன், முட்டை தாராளமாக. பால், தயிர் பலருக்கு ஒன்றும் செய்யாது. கறியை விட்டும் அடங்காவிட்டால் அதையும் நிறுத்திப் பாருங்கள். பன்றிக்கொழுப்பில் சமைத்த பீன்ஸும், ஜெலட்டின் மாத்திரை உறையும் சிலரைப் படுத்தும்.

சரியாகிவிடுமா?

மறுபடி கடி படாமலிருந்தால் சிலருக்கு வருடங்களில் குறைகிறது. தோட்டத்துக்குப் போனால் உடைக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அடியுங்கள், வந்ததும் கால் இடுக்கு, இடுப்பு, முழங்கால் பின்புறம் தடவிப் பாருங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ ஒருமுறையாவது வந்திருந்தால் வீட்டில் கறி சாப்பிட்டுச் சோதிக்கவே கூடாது. கடும் அலர்ஜிக்குப் போடும் எபிநெப்ரின் ஊசியை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கையோடு வைத்திருங்கள், மறுபடி வந்தால் ஊசியைப் போட்டுவிட்டு உடனே 911ஐ (அவசர உதவி எண்) அழையுங்கள்.