கேள்வி–பதில்: ஏர் பிரேக்கைப் பூட்டிலிருந்து தொடங்குங்கள்

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் இந்த முறை ஏர் பிரேக்தான் அதிகம்; அதாவது காற்றுக்குக் குறுக்கே தகட்டை நீட்டி, இழுவையைக் கூட்டி, விமானத்தைச் செங்குத்தாக இறங்கவைக்கும் அமைப்பு. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மரத்தில் இரண்டு இருக்கை மோட்டார் கிளைடர் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆட்களோடு 420 கிலோ. ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) மணிக்கு சுமார் 70 கி.மீ. எஞ்சினை அணைத்தால் 1 மீட்டர் இறங்குவதற்குள் 20 மீட்டர் போகும் என்று கணக்கு வருகிறது. ஓடுபாதையில் நிற்காமல் தாண்டிப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஏர் பிரேக் தகடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஓடுபாதை முனையை 15 மீட்டர் உயரத்தில் கடந்தால், 20க்கு 1 என்ற சரிவில் தரையைத் தொட 300 மீட்டர் வேண்டும். தரையை நெருங்கியதும் மிதந்துகொண்டே போகும் தூரம் தனி. ஐரோப்பாவின் கிளைடர் விதித்தொகுப்பான சிஎஸ்-22, ஏர் பிரேக் திறந்த நிலையில், ஸ்டால் வேகத்தின் 1.3 மடங்கில், 7க்கு 1 அல்லது அதைவிடச் செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும் என்கிறது. அப்படி இறங்கினால் அதே 15 மீட்டருக்கு 105 மீட்டர் போதும். உங்களுக்கும் இதுவே நல்ல இலக்கு.

கணக்கு சுலபம். 420 கிலோவை 20ஆல் வகுத்தால் 21. அதுதான் இப்போது உங்கள் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசை, கிலோவில். 7ஆல் வகுத்தால் 60. ஆகவே ஏர் பிரேக் கூடுதலாக 39 கிலோ இழுவை தர வேண்டும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 39 கிலோ. குறுக்கே நிற்கும் தட்டையான பலகைக்கு இழுவைக் கெழுவை (வடிவத்துக்கு ஏற்ற பெருக்கல் எண்) 1.2 என்று வைத்துக்கொண்டால் 0.83 சதுர மீட்டர் தேவை. இரண்டு இறக்கைகளிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என நான்கு தகடுகள், ஒவ்வொன்றும் 1.3 மீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் உயரம். சரியாகப் பொருந்துகிறது.

இது தொடக்கக் கணக்குதான். தகடு எழும்பியதும் அந்த இடத்தில் இறக்கையின் தூக்குவிசை குறையும். அதை ஈடுகட்ட மூக்கைச் சற்று உயர்த்திப் பறக்க வேண்டியிருக்கும், அதனாலும் இழுவை கூடும். ஸ்டால் வேகமும் ஏறும். அந்தப் புது ஸ்டால் வேகத்தை அளந்த பிறகுதான் உங்கள் இறங்கு வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வரும் வரைபடங்களில் பெரும்பாலானவை தகட்டில் தொடங்கி, கைப்பிடியில் போய் முடிகின்றன. பூட்டு என்பது கடைசியில் ஒரு மூலையில் ஒட்டியிருக்கும். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். மேல்பரப்பில் எப்போதும் உறிஞ்சல் இருக்கிறது; பூட்டாத தகட்டை அது தானாகவே வெளியே இழுக்கும். தரையில் இரண்டு விரலால் மூடுகிற தகட்டை காற்றில் வெறும் உராய்வை நம்பி விட முடியாது. முழங்கையை நீட்டி, நேர்கோட்டைக் கொஞ்சம் தாண்டி மடக்கி வைத்தால் எப்படி இறுகி நிற்குமோ, அதே மாதிரி நிற்கிற ஓவர்சென்டர் பூட்டு வேண்டும். வலது, இடது இரண்டும் ஒரே தண்டில் இணைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பலத்தையும் பாருங்கள். 90 கி.மீ. வேகத்தில் ஒரு தகட்டின் மேல் விழுவது சுமார் 10 கிலோ. உங்கள் உச்ச வேகம் 200 கி.மீ. என்றால் அதே தகட்டின் மேல் 48 கிலோ விழும். வேகம் இரண்டே கால் மடங்குக்குள் கூடியது, விசை ஐந்து மடங்காகிவிட்டது. 1.5 பாதுகாப்புக் காரணியோடு 72 கிலோவைத் தாங்கும்படி தகட்டையும் அதன் கைகளையும் ஆணிகளையும் செய்யுங்கள். பதற்றத்தில் எந்த வேகத்தில் கைப்பிடியை இழுப்போம் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: பட்டறையில் ஏர் பிரேக் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திறந்து மூடுகிறது. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்?

பதில்: என் முதல் விமானத்திலும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது பறப்பில், மேலே போகும் காற்றில் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருந்தபோது பிரேக்கைத் திறந்தேன். பாதி வந்து நின்றுவிட்டது. மூடவும் வரவில்லை. நல்ல உயரம் இருந்ததால் பதறாமல் இறக்கையைச் சமன் செய்து, மூக்கைச் சற்றுத் தாழ்த்தினேன். இறக்கை மேல் சுமை குறைந்ததும் தகடு சட்டென்று உள்ளே போய்விட்டது.

தரையில் இறக்கை நேராக இருக்கிறது, காற்றில் வில் மாதிரி மேலே வளைகிறது. தகடு உட்காரும் பெட்டியும் சேர்ந்து வளையும், ஆனால் 1.3 மீட்டர் நீளத் தகடு வளையாது. இரண்டு முனையும் பெட்டியில் பட்டு இறுகிக்கொள்ளும். நான் ஒவ்வொரு தகட்டையும் இரண்டாக வெட்டினேன், பக்க இடைவெளியை 1 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராக்கினேன்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். இறக்கையைத் தலைகீழாகத் தாங்கிகளில் வைத்து, அடிப்பரப்பில் மணல் மூட்டைகளை அடுக்கி, பறக்கும்போது வளைகிற அளவுக்கு வளைத்தேன். அந்த நிலையிலேயே நண்பர் ஒருவர் கைப்பிடியைத் திரும்பத் திரும்ப இயக்கினார். சிஎஸ்-22 ஏர் பிரேக் திறக்க 2 விநாடி, மூட 2 விநாடிக்கு மேல் தருவதில்லை. வளைந்த இறக்கையில் அந்த நேரத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தகட்டை இறக்கையில் எந்த இடத்தில் வைப்பது?

பதில்: ஸ்பாருக்கு, அதாவது இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முதன்மை உத்தரத்துக்குப் பின்னால், ஐலெரானுக்கு (விமானத்தைச் சாய்க்க இறக்கை நுனிப்பக்கம் அசையும் பலகை) உட்பக்கமாக. தகட்டுக்குப் பின்னால் வரும் கலங்கிய காற்று ஐலெரான் மேல் போனால் கட்டுப்பாடு போகும். உடலுக்கு மிக அருகில் வைத்தால் அதே காற்று வாலைப் பிடித்து உலுக்கும். இரண்டாம் உலகப் போரில் பறந்த டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானத்தின் பிரேக் ஃபிளாப்கள் (இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் பலகைகள்) முழுக்க வட்டத் துளைகளாக இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். வால் நடுக்கத்தைக் குறைக்கத்தான் அந்தத் துளைகள். நீங்களும் தகட்டின் அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. தகடு திறந்ததும் உட்பக்கம் இழக்கும் தூக்குவிசையை இறக்கையின் நுனிப்பக்கம் சுமக்கும். ஸ்பார் உடலோடு சேரும் இடத்தில் வளைவுச் சுமை கூடும். பிரேக் திறந்த நிலைக்கென்று ஸ்பாரைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது, சிறிய இறக்கை முன்னால் இருக்கும் கனார்ட் வகை. ஃபிளாப் இல்லை. வயிற்றுப் பக்கம் ஒரு பலகை போதுமா?

பதில்: போதும். பர்ட் ரூட்டன் வடிவமைத்து 1979இல் பறந்த லாங்-ஈஸியில் அதைத்தான் வைத்தார். முன்பக்கம் கீல் வைத்து, பின்பக்கம் கீழே இறங்கும் பலகை. இறக்கையை வெட்ட வேண்டாம், இடது வலது வித்தியாசம் என்ற பேச்சே இல்லை. வேகம் அதிகமானால் காற்றே அதை மூடப் பார்க்கும் என்பது இதன் பெரிய நற்குணம். பூட்டு விஷயத்தில் இதைவிட நிம்மதியான அமைப்பு எனக்குத் தெரியாது.

கேள்வி: தரையில் கெட்டியாகப் பூட்டுகிறது, உயரத்துக்குப் போனால் கைப்பிடி தளர்கிறது. ஏன்?

பதில்: உங்கள் இயக்குத் தண்டு அலுமினியம், இறக்கை மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். 4 மீட்டர் தண்டு 15 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் சுருங்கும். மரம் இழைவாக்கில் அதில் கால் பங்குகூடச் சுருங்காது. ஓவர்சென்டர் பூட்டு இறுகுவதும் தளர்வதும் அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. பூட்டைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, இறக்கைக்குள் தகட்டுக்குப் பக்கத்தில், பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள். பிறகு தண்டு நீண்டாலும் சுருங்கினாலும் பூட்டுக்குத் தெரியாது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கிளைடரை இழுத்துச் செல்லும் விமானம் சுக்கானை இப்படியும் அப்படியும் ஆட்டினால், “உன் ஏர் பிரேக்கைப் பார்” என்று அர்த்தம். அதற்கென்று தனிச் சைகையே வைக்கும் அளவுக்கு, பூட்டாத பிரேக்கோடு மேலேறுவது அடிக்கடி நடந்திருக்கிறது. உங்களை யாரும் இழுக்கப் போவதில்லை. ஆட்டிக் காட்டவும் ஆள் இருக்காது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடியும் விமானம் ஏற மறுத்தால், மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள், உடனே கை பிரேக் கைப்பிடிக்குப் போகட்டும்.

கேள்வி: காற்றில் முதல் தடவை எப்படித் திறப்பது?

பதில்: 1000 மீட்டர் உயரத்தில், பாராசூட்டோடு, தனியாக. ஸ்டால் வேகத்தின் ஒன்றரை மடங்கில் பறந்துகொண்டு, கால் பங்கு திறந்து மூடுங்கள். கைப்பிடியை விடாதீர்கள்; உறிஞ்சல் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கையே சொல்லும். மூக்கு எந்தப் பக்கம் போகிறது, வால் நடுங்குகிறதா என்று குறித்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். பாதியும் முழுசும் அடுத்தடுத்த பறப்புகளுக்கு. ஒவ்வொரு முறையும் இறங்கியதும் மூடியைக் கழற்றி ஆணிகளைப் பாருங்கள். தரையருகே திறப்பதையும் மூடுவதையும், திறந்த நிலையில் ஸ்டாலை உயரத்தில் பல தடவை பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.